பதினான்கு நாள், ஆறு முகங்கள்

ஜூலை 3, வியாழன்

பிற்காலத்தில் இந்த நோட்டைப் புரட்டப்போகும் மகாஜனங்களே, எடுத்த எடுப்பிலேயே சத்தியம் செய்கிறேன்: இதில் வரும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் எந்த ஊரில் கபடி நடந்தாலும் மைக்கைப் பிடித்து வர்ணனை செய்பவன் நான். பெயர் கோமதிநாயகம். இருபத்தெட்டு வருஷமாக என்னை யாரும் நம்பியதில்லை. ஆனால் எழுந்து போனதும் இல்லை. நான் குரலெடுத்தால் குற்றாலத்தில் அருவி பாதியில் நின்று, யாரது என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் விழும்.

நேற்று அந்தக் குரலில் கை வைத்துவிட்டார்கள். குரல் நாணில் ஒரு கட்டி. தேங்காய் அளவு. (டாக்டரம்மா மிளகு அளவு என்கிறார். அவர் கண்ணுக்கு எல்லாம் சின்னதாகத் தெரியும்போல.) அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று பதினாறாம் தேதி சொல்வாராம். அதுவரை ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதலாம். ரத்தம் கண்டால் மட்டும் உடனே ஓடி வரவேண்டுமாம்.

எனக்குப் பயம் எதுவும் இல்லை. பேனா ஓடுகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

பேசுவதற்குப் பதிலாக எழுதிக் காட்டச் சொல்லி ஒரு சிலேட்டு வாங்கித் தந்திருந்தார்கள். காலையில் காபிக்குச் சர்க்கரை போதாது என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. சர்க்கரையின் வரலாறு, கரும்பின் தியாகம், தமிழர் வாழ்வில் காபியின் இடம் என்று முன்னுரை எழுதி, அழித்து, எழுதி, பதினேழாவது சிலேட்டில் விஷயத்துக்கு வந்தபோது காபி ஆறிவிட்டது.

என் மனைவி செண்பகவல்லி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறவள். சிலேட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்கு மேலே வைத்துவிட்டாள்.

"நான் சோறு வடிக்கவா, ஒங்க காவியத்த வாசிக்கவா? சும்மா கெடங்க, பதினாலு நாள்தான?"

அவள் இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூலை 5, சனி

என் தங்கை மகள் இசக்கி எங்களோடு தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வயது பத்தொன்பது. பாடப் புத்தகத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் ஜப்பான்காரர்களின் படக்கதையும் அவர்களின் அனிமே என்ற கார்ட்டூன் தொடரும்தான். வரைவதும் அதே பாணி. ஆளுக்கு முகத்தில் பாதி கண். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இரண்டு வீடு கட்டிக் குடியேறலாம். மூக்கு என்பது ஒரு புள்ளி. தலைமுடி மட்டும் கற்றாழைபோலக் குத்திட்டு நிற்கும். எனக்கு முடியில்லாத காரணத்தால் இந்தக் கலையை நான் இதுவரை மதித்ததில்லை.

இன்று அவள் என் கைஜாடைகளைப் பத்து நிமிஷம் பார்த்தாள். நான் கேட்டது விசிறி. அவள் கொண்டுவந்தது முறம்.

"மாமா, இது சரிப்படாது. ஒங்களுக்கு நான் மூஞ்சி செஞ்சு தாரேன்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

பெரிய விஞ்ஞானி உலகத்துக்கு அணுவைத் தந்ததுபோல இசக்கி எனக்கு ஆறு அட்டைகளைத் தந்தாள். விசிறிக்கு வைப்பதுபோலக் கைப்பிடி. ஜப்பான் படக்கதையில் ஆள் வாயைத் திறக்காமலே மனசில் உள்ளதைச் சொல்லிவிடுவானாம். அதற்கு அடையாளங்கள் இருக்கின்றனவாம்.

"இன்னா பாருங்க மாமா. நெத்தியில நாலு வளஞ்ச கோடு, நரம்பு பொடைச்ச மாதிரி. இது கோவம். பெரிய ஒத்தத் துளி, இது சங்கடம், அசடு வழியிறது. கண்ணுல நட்சத்திரம், ரொம்ப சந்தோசம். மூஞ்சி மேல நெட்டு நெட்டாக் கோடு, சோகம். வாயிலேருந்து வெள்ளையாப் புகை போற மாதிரி இருக்குல்லா, அது உசிரு. அப்பிடின்னா 'என்னால முடியல, ஆள விடுங்க'ன்னு அர்த்தம்."

ஆறாவதில் மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. புருவத்தை உயர்த்தினேன்.

"அது... யாரையாவது அழகாப் பாத்துட்டா அப்பிடி வரும் மாமா. அசந்து போயிட்டாம்னு அர்த்தம்."

நம் ஊரில் அழகைக் கண்டால் நிலவைக் கூப்பிடுவோம், மேகத்தைத் தூது விடுவோம். அங்கே மூக்கு உடைந்துவிடுகிறது. ஆனால் ஒன்று: இதை எந்த நாட்டுக்காரனுக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒரு துளி, ஒரு கோடு, ஒரு நட்சத்திரம். உலகமே இந்தப் படங்களுக்கு அடிமையானது எப்படி என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் என் வீட்டுக் கூடத்துக்கு வரவும். விடை கைப்பிடியோடு இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

அட்டைகளின் அரங்கேற்றம். பெரும் வெற்றி என்று எழுத ஆசை.

காலையில் வாசலில் நின்றேன். பால்காரர், "என்னண்ணாச்சி, மைக்க வித்துட்டியளாமே?" என்றார். யார் கிளப்பிவிட்ட புரளியோ. சங்கடத்தைத் தெரிவிக்கும் பொருட்டுத் துளி அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன்.

எதிர்வீட்டுக் கனகமணி அக்காள் மாடியிலிருந்து அதைப் பார்த்தாள்.

"ஏட்டி, தண்ணி வந்துட்டு! நாயகம் தம்பி போர்டு புடிச்சுட்டு நிக்காவ!"

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து ஐந்து நாளாயிற்று. இந்த நிலைமையில் ஒரு மனிதன் தலைக்கு மேலே நீலத் துளியைத் தூக்கிப் பிடித்தால் அதற்கு உலகத்தில் வேறு அர்த்தமே கிடையாது. கண்மூடித் திறப்பதற்குள் நானூறு குடங்கள். பிளாஸ்டிக், பித்தளை, எவர்சில்வர். வரிசையில் முன்பின் என்று இரண்டு அணிகள் பிரிந்து நடந்த ரெய்டும் பிடியும் நான் வர்ணிக்காமல் போன ஆட்டங்களிலேயே தலைசிறந்தது. நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

குழாய் காற்றைத்தான் விட்டது. கூட்டம் என்னைப் பார்த்தது. நான் அவசரமாக உயிர் போகும் அட்டையைக் காட்டினேன்.

"அது என்னது, கேஸ் சிலிண்டரா?" என்றாள் கனகமணி அக்காள்.

ஜூலை 8, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை. அப்பா இதே தொண்டையால்தான் போனார், ஐம்பத்து மூன்று வயதில். எனக்கு ஐம்பத்திரண்டு. பொழுது போகாமல் கழித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். செல்போனில் இடம் அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று என் பழைய வர்ணனைகளை அழிக்க உட்கார்ந்தேன். எதை அழிப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்க வேண்டியிருந்தது. ஒன்றையும் அழிக்கவில்லை. தூசி அதிகம், கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது.

ஜூலை 9, புதன்

இன்று ஜப்பான்காரர்களை என் சொந்தக்காரர்களாக அறிவிக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, இசக்கி ஒரு தொடரைப் போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைப்பந்து ஆடுகிறார்கள். ஒருவன் எம்பி அடிக்கிறான். பந்து போகிறது. போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. அந்தரத்தில் பந்து நிற்க, எதிரணிக்காரன் தன் ஒன்றாம் வகுப்பை நினைக்கிறான். பின்னால் நிற்பவன் செத்துப்போன நாயை நினைக்கிறான். பின்னணியில் வானம், மரம், சுவர் எல்லாம் மறைந்து வெறும் வேகக் கோடுகள் பறக்கின்றன. பயிற்சியாளர் கண்ணாடியில் ஒரு மினுக்கம். நான் போய் மோர் குடித்துவிட்டு வந்தேன். பந்து இன்னும் இறங்கவில்லை.

இதைத்தானே ஐயா நான் செய்துகொண்டிருந்தேன்! ரெய்டு என்பது முப்பது விநாடி. கோட்டைத் தொட அரை முழம் பாக்கி இருக்கையில் அந்தப் பையனின் தாய், அவள் நேர்ந்துகொண்ட சாமி, அவன் விற்றுவிட்ட கன்றுக்குட்டி எல்லாரையும் நான் மைதானத்துக்குள் கூட்டி வருவேன். புழுகன் என்று பட்டம் கட்டினார்களே, இதோ கடல்தாண்டி ஒரு தேசமே எனக்கு உறவு!

நட்சத்திரக் கண் அட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். இசக்கி சிரித்தாள். "மாமா, நீங்க வாயால வரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கீய."

ஜூலை 10, வியாழன்

இசக்கியின் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் சண்டை, அலறல். அடுத்த பக்கத்தில் ஒரு கட்டம்: கொடியில் காயும் துண்டு. இன்னொரு கட்டம்: வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. ஆளில்லை, பேச்சில்லை. அச்சுக்காரன் எழுத்தை விட்டுவிட்டானோ என்று விரலால் தட்டிக் கேட்டேன்.

"இல்ல மாமா. அங்ஙன யாரும் பேசமாட்டாவ. சும்மா காத்து அடிக்கும். நாமளும் கொஞ்ச நேரம் நிக்கணும்."

அநியாயம். இத்தனை நல்ல இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

சாயங்காலம் செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சும்மா இருந்தேன். வேறு வழி? தானாகவே அவள் பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பருப்புக் கொள்முதலில் தொடங்கி, அவளுக்குக் கடலைவிட ஆறுதான் பிடிக்கும் என்பதுவரை. எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவளை வருஷா வருஷம் கடலுக்குத்தான் கூட்டிப் போயிருக்கிறேன்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதீக" என்றாள். "நீங்க பேசுதது எனக்குப் பிடிக்கும். ஆனா வீட்டுலயும் மைக் வச்சமாதிரியே பேசுவீக. போன மாசம் களி கிண்டுனா 'உலக சாம்பியன் களி'. புதுச்சேல கட்டுனா 'மின்னல் வருது, இடி வருது'. அதே மின்னலத்தான அன்னைக்கு அந்த நெட்டப் பய ரெய்டு போகையிலயும் சொன்னீக? எதுதான் நெசம்னு நான் கண்டேன்?"

அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஆறில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நான் உலகப் புகழ் பெற்றுவிட்டேன். இசக்கி என்னிடம் கேட்காமலே 'பேசாத மாமா' என்று நாலு நாலு கட்டமாக என்னை வரைந்து இணையத்தில் போட்டுவந்திருக்கிறாள். அதில் எனக்கு இடுப்புவரை முடி. குடங்கள் பறக்கும் படத்தைப் பதினெட்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான் பதினெட்டுக் கோடி என்று குறித்துக்கொள்கிறேன். பிரேசிலில் ஒரு பல் டாக்டர், பிலிப்பைன்ஸில் ஒரு பஸ் டிரைவர், பிரான்சில் ஒரு பாட்டு வாத்தியார், இன்னும் யார் யாரோ. எல்லாரும் ஜப்பான் படம் பார்த்து வளர்ந்தவர்களாம். துளிக்கும் கோட்டுக்கும் விளக்கம் கேட்காமலே சிரித்திருக்கிறார்கள்.

பல் டாக்டர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். இசக்கி தமிழில் சொன்னாள்: "பதினாறாம் தேதி மாமாவுக்கு நல்ல செய்தி வரவேண்டும் என்று நான் காத்திருக்கிறேன்."

தேதியை இவளா சொன்னாள்? மருமகளே ஆனாலும் குடும்ப ரகசியத்தை... போகட்டும். ஜாடை காட்டி அந்த வரியை மூன்று முறை சொல்லவைத்தேன். உச்சரிப்பைச் சரிபார்க்கத்தான்.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை எழுத ஜப்பானில் பந்து நிற்கும் அளவு நேரம் வேண்டும்.

பள்ளிக்கூட டீச்சர் மகளுக்கு வளைகாப்பு. இசக்கி காலையிலேயே தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். செண்பகவல்லி உள்ளேயிருந்து வந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை, கடுகு நிறக் கரை. ஈரத் தலையைத் தளரப் பின்னி, காதோரம் ஒரு நரைமுடி அடங்காமல் நின்றது. "கதவப் பூட்டிக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

பேச முடியுமானால் மின்னலையும் இடியையும் கூப்பிட்டிருப்பேன். முடியாது. அதனால், மகாஜனங்களே, ஆறாவது அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். மூக்கு. ரத்தம். முகம் வெளுத்துவிட்டது.

"ரத்தமா? எப்ப வந்துச்சு? ஏன் முன்னமே சொல்லல?"

அடடா, டாக்டரம்மா எச்சரித்தது! இல்லையில்லை என்று தலையாட்டினேன். "தல சுத்துதா?" என்றாள். சிலேட்டுக்காக அடுக்களைப் பக்கம் பாய்ந்தேன். வாந்தி எடுக்கப் போவதாக நினைத்துத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். என்னால் முடியவில்லையே தாயே என்று சொல்ல, கைக்கு வந்த அட்டையைத் தூக்கினேன். வாயிலிருந்து உயிர் போகும் அட்டை.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. இம்முறை குடமில்லாமல்.

கனகமணி அக்காள் ஆட்டோவை மறித்தாள். இரண்டு பேர் என்னை அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். முப்பது வருஷம் கபடி பார்த்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு பிடியிலிருந்து யாரும் நழுவ முடியாது. ஆட்டோ பறந்தது. அவளுடைய உள்ளங்கையை விரித்து, விரலால் 'ரத்தம் இல்லை' என்று எழுதத் தொடங்கினேன். 'ர' போடுவதற்குள் அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டு என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள். மூடிய கையில் எழுத முடியாது. நான் முயற்சியை விட்டுவிட்டேன்.

"ஒண்ணும் ஆவாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒங்கப்பாவுக்கு ஆனமாதிரி ஒங்களுக்கு ஆவாது. நீங்க பேசலேன்னாலும் பரவால்ல. இருந்தாப் போதும். நீங்க பாட்டுக்கு இருங்க."

அவளும் அதே கழித்தல் கணக்கைப் போட்டிருக்கிறாள். எத்தனை நாளாகவோ.

டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "எங்கம்மா ரத்தம்? நல்லா ஆறிக்கிட்டு வருதே!"

செண்பகவல்லி அட்டையை நீட்டினாள். கூட்டத்தில் அதையும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறாள். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"டாக்டர், இது ரத்தமே இல்ல. அனிமேல வரும். அழகா இருக்கவங்களப் பாத்தா மூக்குல இப்பிடி..." என்றவள் செண்பகவல்லியையும் சேலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, சார் ஒங்களப் பாத்துச் சொக்கிட்டாரு. அதத்தான் சொல்லிருக்காரு!"

மின்விசிறி மட்டும் சுற்றியது.

செண்பகவல்லியின் முகம் போன போக்கை வரைய ஆறு அட்டை போதாது. அழுகை பாதியில் நின்றது. சிரிப்பு பாதியில் வந்தது. நடுவில் அடிக்கக் கையும் ஓங்கினாள். "அம்பத்திரெண்டு வயசுல இந்த மனுசனுக்கு... ஆட்டோல என் உசிரே போச்சு!"

டாக்டரம்மா சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் ஒரு உறையைத் தேடினார். "வந்ததும் வந்தீங்க. ரிசல்ட் காலையிலதான் வந்துச்சு. புதன்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்." பிரித்துப் படித்தார். இந்த இடத்தில் பந்து அந்தரத்தில் நின்றது. அப்பா வந்தார். அம்மா வந்தாள். என்னால் யாரையும் வர்ணிக்க முடியவில்லை.

"நல்ல கட்டிதான். கத்திக் கத்தி வந்தது. பயப்பட ஒண்ணுமில்ல."

நட்சத்திரக் கண் அட்டை வீட்டில் கிடந்தது. தேவைப்படவும் இல்லை.

வளைகாப்புக்குப் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இசக்கி வரைந்து போட்டுவிட்டாள். பிரேசில் பல் டாக்டர் அழுததாக எழுதியிருக்கிறார். ஜப்பானிலிருந்தே ஒருவர்: "அந்த அம்மாவிடம் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கவும்." கேட்க எனக்கு வாயில்லை என்று ஜாடை காட்டி, அதையே பதிலாகப் போடவைத்தேன்.

ஜூலை 16, புதன்

டாக்டரம்மா உத்தரவு: இன்று முதல் நாளுக்கு ஐந்து நிமிஷம், தாழ்ந்த குரலில். ஆறு மாதம் மைக் கூடாது. அதன்பிறகும் பழைய குரல் வருமா என்பது அப்போதுதான் தெரியும்.

கன்னிப் பேச்சுக்காக நாற்பது பக்கம் தயாரித்திருந்தேன். முகவுரை மட்டும் ஏழு. வீட்டுக்கு வந்ததும் இசக்கி செல்போனில் நேரம் வைத்தாள். செண்பகவல்லி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ம், ஆரம்பிங்க. இடியா, மின்னலா?"

நாற்பது பக்கத்தையும் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தொண்டையைத் திறந்தால் யாரோ ஒரு அந்நியன் பேசினான். மெல்லிய, கரகரத்த, மைக் பார்த்தே இராத ஒருவன்.

"சனிக்கிழம நீ அழகா இருந்த."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் வரவில்லை.

இசக்கி செல்போனோடு மெதுவாக எழுந்து உள்ளே போனாள். வெளியே ஒரு சைக்கிள் போயிற்று.

"நாலே முக்கால் நிமிசம் பாக்கி இருக்கு" என்றாள் செண்பகவல்லி கடைசியில். குரல் அவளுக்கும் கரகரத்துத்தான் வந்தது. "வேற ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்று தலையசைத்தேன். மீதி நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். ஆற்றுக்குப் போகலாம் என்றாள். எந்தத் துறை, என்ன கட்டிச்சோறு, எத்தனை மணி பஸ் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகாஜனங்களே, இந்த நோட்டில் உள்ளதையெல்லாம் தாராளமாக அடித்துவிடுங்கள். பயமில்லை என்று எழுதியதை முதலில் அடியுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். சனிக்கிழமை காலையில் செருப்பைத் தேடிக்கொண்டு அவள் கூடத்தில் நின்றபோது எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றது. அதில் ஒரு துளிகூட வர்ணனை இல்லை.